முதல் புத்தகத்தைச் சொந்தமாகப் போடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

என் முதல் சிறுகதைத் தொகுப்பை நானே அச்சிட்டேன். 500 பிரதி. அதில் முன்னூறு மூன்று வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அடுத்த புத்தகத்தை 100 பிரதியோடு தொடங்கினேன். அது நான்கு முறை மறுஅச்சுக்குப் போனது. எழுத்து ஒன்றும் ஐந்து மடங்கு நன்றாகிவிடவில்லை. வேலை செய்த விதம்தான் மாறியிருந்தது. கும்பகோணத்தில் என்னைத் தேடி வந்து கேட்பவர்களும், போனில் கேட்பவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்கள் இவை.

கையெழுத்துப் பிரதி தயார். பதிப்பகத்துக்கு அனுப்புவதா, நானே போடுவதா?

முதலில் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். தன் பணத்தைப் போட்டு உங்கள் புத்தகத்தை வெளியிட ஒருவர் முன்வந்தால் அவருக்கு வழிவிடுவதுதான் புத்தி. ராயல்டி, அதாவது விற்பனையில் உங்களுக்கு வரும் பங்கு, பெரும்பாலும் விலையில் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் அவரிடம் கடைகள் இருக்கின்றன, கண்காட்சியில் அரங்கு இருக்கிறது, பிழை பார்க்க ஆள் இருக்கிறார்.

ஆறு மாதம் காத்திருந்தும் பதில் இல்லையா, அப்போது சொந்தப் பதிப்பை யோசிக்கலாம். இன்னொன்று: சில புத்தகங்களுக்குத் தொடக்கத்திலேயே சொந்தப் பதிப்புதான் பொருத்தம். ஓர் ஊரின் வரலாறு, ஒரு தொழிலைப் பற்றிய கையேடு, ஒரு பள்ளியில் நாற்பது வருடம் வேலை பார்த்தவரின் நினைவுகள் போன்றவை. இவற்றை யார் வாங்குவார்கள் என்பது பதிப்பாளரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எத்தனை பிரதி அடிக்கலாம்?

எல்லாரும் இதைக் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

ஒரு நோட்டை எடுத்து, காசு கொடுத்து வாங்குவார் என்று நீங்கள் நம்பும் ஆட்களின் பெயர்களை எழுதுங்கள். ‘நண்பர்கள் ஐம்பது பேர்’ என்று மொத்தமாக எழுதக்கூடாது. ஒவ்வொரு பெயராக எழுத வேண்டும். எழுதி முடித்ததும், இலவசமாக எதிர்பார்ப்பவர்களை அடித்துவிடுங்கள். சித்தப்பா, கூட வேலை பார்ப்பவர், பழைய தமிழாசிரியர் எல்லாம் இதில் அடிபடுவார்கள். நான் முதல் தடவை இதைச் செய்யவில்லை. இரண்டாம் தடவை செய்தபோது மிஞ்சியது 64 பெயர். அதனால் 100 பிரதி.

ஒரு காலத்தில் தமிழில் ஒரு பதிப்பு என்றால் 1,200 பிரதி என்பது வழக்கம். ஆஃப்செட்டில் பிளேட் போட்டு மெஷினை ஓட்டிவிட்டால், 300 அடித்தாலும் 1,200 அடித்தாலும் ஆரம்பச் செலவு ஒன்றுதான். அதனால் அதிகம் அடிக்க அடிக்க ஒரு பிரதியின் அடக்கம் குறையும். டிஜிட்டல் அச்சு வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஐம்பது பிரதிகூட அடிக்கலாம். ஒரு பிரதிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

அச்சகத்தில் ஒரு வசனம் தவறாமல் வரும்: “சார், இன்னும் ஒரு பத்தாயிரம் ரூபா போட்டீங்கன்னா ஆயிரமா அடிச்சிடலாம்.” கணக்கு சரிதான். அந்த மிச்சப் பிரதிகளை வைக்க இடம் யார் தருவார், கறையானிடமிருந்து யார் காப்பாற்றுவார் என்பது அந்தக் கணக்கில் வராது. 1920-ல் பாரதியார் தன் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடத் திட்டமிட்டார். நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கையும் அனுப்பினார். பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் இறந்தே போனார். பாரதிக்கே அந்த நிலைமை என்றால் நாம் நூறில் தொடங்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

மொத்தம் எவ்வளவு செலவாகும்? விலை எப்படி வைப்பது?

காகித விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, ஊருக்கு ஊரும் மாறுகிறது. அதனால் கணக்குப் போடும் முறையை மட்டும் சொல்கிறேன். எண்களை உங்கள் அச்சகத்தின் எண்களாக மாற்றிக்கொள்ளுங்கள்.

160 பக்கம், டெமி அளவு. ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் பக்கங்களை ஒரு பாரம் என்பார்கள். 16 பக்கம் ஒரு பாரம் என்றால் பத்துப் பாரம். விலை ₹200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரதி அச்சும் பைண்டிங்கும் ₹70. தட்டச்சு, பக்க வடிவமைப்பு, அட்டை, பிழைதிருத்தம் எல்லாம் சேர்த்து ஒருமுறைச் செலவு ₹20,000.

கடை வழியாக விற்றால், கடைக்காரர் கழிவு 40 சதவீதம் போக உங்களுக்கு வருவது ₹120. அச்சுச் செலவு ₹70, பார்சலுக்குப் பிரதிக்கு ₹15 போனால் மிச்சம் ₹35. அந்த இருபதாயிரத்தை எடுக்க 570 பிரதிக்கு மேல் விற்க வேண்டும். நீங்களே வாசகருக்கு நேரடியாக அனுப்பினால், தபால் செலவு ₹40-ஐ நீங்கள் ஏற்றுக்கொண்டாலும் மிச்சம் ₹90. அப்போது 220 சொச்சம் போதும்.

இந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகுதான் நான் கடைகளைத் துரத்துவதை விட்டேன்.

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி கிடையாது. ஆனால் காகிதத்துக்கு வரி உண்டு. விற்பனையில் வரி இல்லாததால், வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் முடியாது. ஆகவே அச்சகத்தில் விலை கேட்கும்போது ‘வரியோடு சேர்த்து எவ்வளவு?’ என்று கேளுங்கள். இன்னொரு சின்ன விஷயம், ஆஃப்செட்டில் அடிப்பதாக இருந்தால் 162 பக்கம் என்பது மோசமான எண்ணிக்கை. அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு துண்டுப் பாரம் ஓட வேண்டும். முன்னுரையில் நாலு பேருக்கு நன்றியைக் குறையுங்கள்.

பணம் கட்டினால் எல்லாவற்றையும் அவர்களே செய்து தருவதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?

பணம் வாங்கிக்கொண்டு செய்வதில் தவறு இல்லை. அது ஒரு சேவை. சென்னையின் நோஷன் பிரஸ், பெங்களூருவின் போத்தி போன்ற தளங்களில் கோப்பை நீங்களே ஏற்றி, தேவைக்கேற்ப அச்சிட்டுக்கொள்ளும் வசதி பல வருடமாக இருக்கிறது. சேவையைச் சேவை என்றே சொல்லி விற்பவரிடம் சிக்கல் குறைவு. ‘உங்கள் எழுத்து எங்கள் ஆசிரியர் குழுவால் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது’ என்று தொடங்கி, மூன்றாவது போனில் பணம் கேட்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் புத்தகத்துக்கு முன்பு ஒருவர் என்னை அழைத்தார். முப்பது பேர் எழுதும் தொகுப்பு நூல், ஆளுக்கு இரண்டு பக்கம், நீங்கள் ‘இணை ஆசிரியர்’, பணம் கட்ட வேண்டும், சான்றிதழ் உண்டு, உலக சாதனையிலும் பெயர் வரும் என்றார். கட்டினேன். புத்தகம் வந்தது. அதை வாங்கியவர்கள் அந்த முப்பது பேர் மட்டும்தான். யோசித்துப் பார்த்தால் அந்தத் தொழிலின் வாசகர்களே நாங்கள்தான். சான்றிதழ் இன்னும் இருக்கிறது, அலமாரியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன்பு நான்கு இடங்களைப் பாருங்கள். உரிமை யாருக்கு? எத்தனை வருடத்துக்கு? எத்தனை பிரதி அச்சிடுவார்கள், அதை எப்படி உங்களுக்குக் காட்டுவார்கள்? கடைசியாக, அட்டையும் பக்க வடிவமைப்பும் உள்ள கோப்புகளை உங்களிடம் கொடுப்பார்களா? பலர் நாலாவதில்தான் மாட்டுகிறார்கள். மறுஅச்சுக்கு வேறு இடம் போக நினைத்தால், கையில் கோப்பு இருக்காது.

சட்டமும் கொஞ்சம் உதவுகிறது. பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி உரிமையை எழுதிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம்தான். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும்தான். உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாத வரைக்கும், அது உங்களிடமே திரும்பிவிடும்.

பிழைதிருத்தம் நானே செய்துகொள்ளலாமா? தமிழ் எம்.ஏ. படித்திருக்கிறேன்.

முடியாது. எழுதியவன் கண்ணுக்குத் தான் எழுத நினைத்ததுதான் தெரியும், எழுதியது தெரியாது. காசு கொடுத்து ஒருவரை மெய்ப்புப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நண்பர் ஒருவரை வைத்து, காகிதத்தில் அச்சு எடுத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஒற்றுப் பிழைகளை மெய்ப்பாளர் பிடிப்பார். பத்தாம் பக்கத்தில் செல்வியாக இருந்தவள் எண்பதாம் பக்கத்தில் செண்பகமாக மாறியிருப்பதைப் சத்தமாகப் படிக்கும் நண்பர்தான் பிடிப்பார்.

யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்தேன். பக்கம் வந்தபோது எழுத்தெல்லாம் உடைந்திருக்கிறதே?

யூனிகோடு எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை. உங்கள் வடிவமைப்பாளர் அதைப் பழைய முறை எழுத்துருவுக்கு மாற்றியிருப்பார். தமிழ் டி.டி.பி தொழில், அதாவது கணினியில் பக்கம் கட்டும் தொழில், பல வருடம் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளிலும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களிலும் ஓடியது. இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. மாற்றும்போது சில எழுத்துகள் தொலையும், சில இடம் மாறும். குறிப்பாகப் பார்க்க வேண்டியவை: ஸ்ரீ, ஔகாரம் வரும் சொற்கள், மேற்கோள் குறிகள், இடையில் வரும் எண்கள். ‘கௌரி’யில் வரும் ஔகாரக் குறியின் இடத்தில் ளகரமே உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மின்னூலாக மாற்றித் தேடும்போதுதான் மாட்டும்.

இன்டிசைன் மென்பொருளில் யூனிகோடிலேயே பக்கம் கட்டித் தருபவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். எந்த முறையானாலும் ஒரு விஷயம்: வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக்கூடாது. ‘வந்தா’ ஒரு வரியிலும் ‘ன்’ அடுத்த வரியிலும் கிடந்தால் படிப்பவர் புத்தகத்தை மூடிவிடுவார். நான் மூடியிருக்கிறேன்.

வணிக எழுத்துருக்களுக்கு உரிமம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய நல்ல தமிழ் எழுத்துருக்கள் இப்போது போதுமான அளவு இருக்கின்றன.

அட்டைக்கு எவ்வளவு மெனக்கெட வேண்டும்?

நிறைய. முன்பு அட்டையைக் கடையில் கைநீட்டும் தூரத்தில் பார்த்தார்கள். இப்போது போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பார்க்கிறார்கள். அந்த அளவுக்குச் சுருக்கி, தலைப்பு படிக்க முடிகிறதா என்று பாருங்கள். கூகுளில் கிடைத்த படத்தை எடுத்துப் போடாதீர்கள். அது யாரோ ஒருவருடையது. உங்கள் ஊரில் நன்றாகப் படம் எடுக்கும் பையனுக்கோ பெண்ணுக்கோ பணம் கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னட்டையில் உங்கள் வாழ்க்கை வரலாறு வேண்டாம். புத்தகத்திலிருந்தே எடுத்த ஆறு வரி போதும். முதுகில் தலைப்பு இருக்க வேண்டும். அலமாரியில் தெரிவது அதுதான்.

ஐ.எஸ்.பி.என் எண் கட்டாயமா? எங்கே வாங்குவது?

ஐ.எஸ்.பி.என் என்பது ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரப்படும் அடையாள எண். சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் இணையக் கடைகளும் நூலகங்களும் கேட்கும், ஆகவே வாங்கிவிடுங்கள். இந்தியாவில் இது இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய நிறுவனம் தருகிறது. இணையத்தில் ‘ஆசிரியர்’ என்ற வகையில் தனிநபராகவே விண்ணப்பிக்கலாம். 2007 முதல் இது 13 இலக்க எண். அச்சுப் புத்தகத்துக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறு ஒன்று. அவசரப்பட்டால் கிடைக்காது, அட்டை வேலை தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். இதற்காக யாராவது உங்களிடம் ஆயிரக்கணக்கில் கேட்டால், படிவம் நிரப்பும் கூலியைத்தான் கேட்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். அவர்கள் பெயரில் வாங்கிய எண் என்றால், பதிவேட்டில் பதிப்பாளர் அவர்கள்தான்.

பதிப்புரிமையைப் பதிவு செய்ய வேண்டுமா?

எழுதிய கணமே உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 வருடமும். பதிவு கட்டாயம் இல்லை, வழக்கு வந்தால் சான்றாக உதவும். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் ₹500. என்னைக் கேட்டால், முதல் கவிதைத் தொகுப்பை யாராவது திருடிவிடுவார்கள் என்ற பயம்தான் அந்தப் புத்தகம் சந்திக்கும் ஆபத்துகளிலேயே மிகச் சிறியது.

கதையில் சினிமாப் பாட்டு வரிகளைப் போடலாமா?

பாட்டின் பெயரைச் சொல்லலாம். வரிகளை எடுத்து அத்தியாயத்தின் தலையில் போடுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். அது பெரும்பாலும் இசை நிறுவனத்திடம் இருக்கும், பதில் வராது. ‘ரேடியோவில் அந்தப் பாட்டு ஓடியது’ என்று எழுதிவிட்டுப் போங்கள். வாசகர் தானே பாடிக்கொள்வார்.

நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்கிறார்களே?

ஆமாம். 1954-ம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. பதிப்பாளர், வெளியான 30 நாளுக்குள், தன் செலவில் நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம். சொந்தமாகப் போட்டால் பதிப்பாளர் நீங்கள்தான். பலர் செய்வதில்லை. நான் செய்கிறேன். என் காலத்துக்குப் பிறகும் கன்னிமாராவில் ஒரு பிரதி இருக்கும் என்ற எண்ணத்துக்கு அந்தத் தபால் செலவு அதிகம் இல்லை.

மின்னூல் மட்டும் போட்டால் போதாதா? செலவே இல்லையே.

போதும், அச்சுப் புத்தகத்தின் மேல் ஆசை இல்லாதவருக்கு. அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூல்கள் 2016-ன் இறுதியிலிருந்து இருக்கின்றன. கே.டி.பி என்ற அமேசானின் சொந்தப் பதிப்புத் தளத்தில் கணக்கைத் தொடங்கி, யூனிகோடுக் கோப்பை ஏற்றினால் சில நாளில் விற்பனைக்கு வந்துவிடும். ராயல்டி 35 சதவீதம் அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டும் என்றால் ‘செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறு எங்கேயும் இருக்கக்கூடாது, பிரதிலிபி போன்ற வாசிப்புத் தளத்தில்கூட. அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. அந்த 90 நாளில் ஐந்து நாள் இலவசமாகத் தரலாம். மாதச் சந்தா கட்டிப் படிக்கும் ‘கிண்டில் அன்லிமிடெட்’ வாசகர்கள் படித்த பக்கங்களுக்கும் பணம் வரும்.

கே.டி.பியின் அச்சு வசதி இந்தியாவுக்கு இல்லை. இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வாரம் மெனக்கெட்ட நண்பர்கள் இருக்கிறார்கள்.

பணமே வேண்டாம், படித்தால் போதும் என்பவர்களுக்கு ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ என்ற தன்னார்வலர் தளம் இருக்கிறது. யாரும் இலவசமாகப் பகிரலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுவார்கள். அந்த உரிமத்தை ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது, யோசித்துக் கொடுங்கள்.

பெரிய எழுத்தாளரிடம் அணிந்துரை வாங்கினால் விற்குமா?

விற்காது. பத்துப் பக்க அணிந்துரை, அதற்கு மேல் வாழ்த்துரை, அதற்கு மேல் ஆசியுரை என்று போனால், வாசகர் கதைக்கு வருவதற்குள் டீ ஆறிவிடும். உங்கள் துறையை அறிந்த ஒருவர் நேர்மையாக இரண்டு பக்கம் எழுதினால் போதும். கேட்டு மூன்று மாதமாகியும் வரவில்லை என்றால், வேண்டாம் என்று சொல்ல அவருக்குச் சங்கடம். விட்டுவிடுங்கள்.

வெளியீட்டு விழா எவ்வளவு பெரிதாக வைக்க வேண்டும்?

மண்டபம், ஃப்ளெக்ஸ், மேடையில் பதினொரு பேர், பதினொரு பொன்னாடை, கீழே பதினான்கு பேர். இது என் முதல் புத்தகத்தின் விழா. அந்தச் செலவில் இன்னொரு புத்தகம் போட்டிருக்கலாம். இரண்டாவதை ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியிட்டேன். முன்கூட்டியே புத்தகத்தைப் படித்திருந்த மூன்று பேர் பேசினார்கள். டீ, சமோசா. 31 பிரதி விற்றது. தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்), கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற அமைப்புகளின் கிளைகள் பல ஊர்களில் விமர்சனக் கூட்டம் நடத்துகின்றன. அங்கே முதலில் மற்றவர்கள் புத்தகத்துக்குப் போய் உட்காருங்கள். ஒரு வருடம் உட்கார்ந்த பிறகு உங்கள் புத்தகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே வேண்டியிருக்காது.

முன்பதிவுத் திட்டம் வைத்தால் வெட்கமாக இருக்காதா?

எங்கள் ஊர்க் கல்லூரியில் வேலை பார்த்த உ.வே.சாமிநாதையருக்கு இருக்கவில்லை. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க அவரிடம் பணம் கிடையாது. வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் அந்தப் பதிப்பு வந்தது. அவரே கேட்டார், நாம் கேட்பதற்கு என்ன?

விதிகள் மூன்று. அச்சுக்குப் போகும் தேதி உறுதியான பிறகே பணம் வாங்குங்கள். விலையில் ஒரு தள்ளுபடி கொடுங்கள். சொன்ன தேதியில் அனுப்புங்கள். தாமதமானால் அவர்கள் கேட்பதற்கு முன்பு நீங்களே சொல்லிவிடுங்கள். முன்பதிவு எண்ணிக்கை கையில் இருந்தால் எத்தனை பிரதி அடிப்பது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது. முன்பதிவு முப்பது என்றால் எண்பது அடியுங்கள். நூற்றைம்பது என்றால் முந்நூறு.

புத்தகக் கடைகளில் எப்படி வைப்பது?

நேரில் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் விற்றபின் பணம் என்ற முறையில் ஐந்து பிரதி வைத்துக்கொள்வார்கள், கழிவு 35, 40 என்று போகும். கொடுத்த தேதி, எண்ணிக்கை, கழிவு எல்லாவற்றையும் எழுதி, முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். எனக்கு ஒரு கடையிலிருந்து ஐந்து பிரதிக்கான பணம் இன்னும் வரவேண்டும். கேட்கப் போனால் பஸ் செலவு அதைவிட அதிகம் என்பதால் அப்படியே கிடக்கிறது. ஐந்து கடை போதும், ஐம்பது வேண்டாம்.

சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குத்தான் வெளியிட வேண்டுமா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதனாலேயே நான் வேண்டாம் என்கிறேன். 1977-ல் தொடங்கிய அந்தக் கண்காட்சி பொங்கலை ஒட்டி நடக்கும். அதற்காக நவம்பர், டிசம்பரில் தமிழ்நாட்டின் அச்சகங்கள் எல்லாம் திணறும். அவசரத்தில் உங்கள் பைண்டிங் பிரியும், பிழைதிருத்தம் ஒரு சுற்று குறையும். அரங்கு நிறையப் புதுப் புத்தகங்கள் வந்து குவியும்போது, பெயர் தெரியாத ஒருவரின் முதல் நூலை யார் எடுப்பார்கள்? தனி ஆளாக அரங்கு எடுப்பதும் கட்டுப்படியாகாது. நண்பர்களின் பதிப்பக அரங்கில் பத்துப் பிரதி வைக்கச் சொல்லலாம்.

ஜூன், ஜூலை நல்ல மாதங்கள். அச்சகம் ஓய்வாக இருக்கும், உங்கள் வேலையைக் கவனித்துச் செய்வார்கள். நெய்வேலி, கோவை, ஆகஸ்டில் ஈரோடு என்று கண்காட்சிகள் வரிசையாக வரும். இப்போது மாவட்டந்தோறும் அரசு உதவியோடு கண்காட்சி நடக்கிறது. சொந்த மாவட்டத்தில் ‘உள்ளூர் எழுத்தாளர்’ என்றால் ஒரு மேசையாவது கிடைக்க வாய்ப்பு உண்டு. சென்னையில் பத்து நாள் நின்று விற்பதைவிடச் சொந்த ஊரில் இரண்டு நாளில் விற்றுவிடலாம்.

தபாலில் எப்படி அனுப்புவது?

பாலித்தீன் உறை, அதற்கு மேல் தடித்த அட்டை, அதற்கு மேல் காகித உறை. மூலை மடங்காமல் இருக்க அட்டை புத்தகத்தைவிட அரை அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பாலித்தீனை மறந்தால் புத்தகம் ஊறிப் போய்ச் சேரும்.

2025 மே முதல் அஞ்சல் துறையில் ‘ஞான் போஸ்ட்’ என்று புத்தகங்களுக்கான சேவை ஒன்று வந்திருக்கிறது. 300 கிராம் வரை ₹20, ஐந்து கிலோவுக்கு ₹100, வரி தனி. கல்வி, சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கானது அது. வணிகத் தன்மையுள்ள வெளியீடு, விளம்பரம் உள்ள நூல், பருவ இதழ் போன்றவை அதில் போகாது. புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். உங்கள் அஞ்சலகத்தில் ஒரு பிரதியைக் காட்டி, எடுத்துக்கொள்வார்களா என்று விலை நிர்ணயிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கவுண்டரில் இருப்பவரோடு பழகிக்கொள்வது நல்லது. எங்கள் ஊர் அஞ்சலகத்தில் இருக்கும் அக்காதான் என் இரண்டாம் புத்தகத்தின் பதினெட்டாவது வாசகர்.

முகநூலில் தினமும் பதிவு போடுகிறேன். ஏன் விற்கவில்லை?

தினமும் ‘என் நூல் வாங்க’ என்று போட்டால், தெருவில் கோலமாவு விற்பவரைப் போல ஆகிவிடும். குரல் பழகிப்போய்க் காதில் விழாது. புத்தகத்துக்குள் இருக்கும் விஷயத்தைப் பேசுங்கள். நெசவைப் பற்றிய நாவல் என்றால் தறியைப் பற்றி, பாவு பற்றி, அப்பாவின் கூலி நோட்டைப் பற்றி எழுதுங்கள். கடைசியில் ஒரு வரியில் புத்தகம் இருப்பதைச் சொன்னால் போதும். வாட்ஸ்அப்பில் குழுவில் போடுவதைவிட, அந்த நோட்டில் எழுதிய பெயர்களுக்கு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதுங்கள். நேரம் எடுக்கும். என் இரண்டாம் புத்தகத்தின் முதல் 100 பிரதியில் பாதிக்கு மேல் இப்படித்தான் போனது. காசு கொடுத்து ஓட்டும் விளம்பரத்தில் நான் போட்ட ₹1,500-க்கு நிறைய விருப்பக்குறிகள் கிடைத்தன, ஒரு புத்தகம்கூடப் போகவில்லை.

மதிப்புரைக்கு அனுப்பினேன், ஒன்றும் வரவில்லை.

இதழ்கள் இரண்டு பிரதி கேட்கும், அனுப்புங்கள், மறந்துவிடுங்கள். படித்த வாசகரிடம் ‘நாலு வரி எழுதுங்கள், பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை’ என்று கேட்பதுதான் பலன் தரும். நண்பர்களை வைத்துப் படிக்காமலேயே ஐந்து நட்சத்திரம் போட வைக்காதீர்கள். எல்லாரும் ஒரே நாளில் ‘அருமை’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நூலக ஆணை கிடைத்தால் எல்லாப் பிரதியும் போய்விடும் என்கிறார்களே?

பொது நூலகத் துறை வாங்கினால் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் போகும், உண்மைதான். விண்ணப்பம் கேட்கும்போது தவறாமல் போடுங்கள். ஆனால் தேர்வு எப்போது, பணம் எப்போது என்பது உங்கள் கையில் இல்லை. அதை நம்பிக் கூடுதலாக அச்சடித்ததுதான் என் கட்டிலடி முன்னூறில் பாதிக்குக் காரணம்.

பரிசுகளுக்கு அனுப்பலாமா?

அனுப்புங்கள். தமிழ் வளர்ச்சித் துறை ஒவ்வொரு வருடமும் பல வகைப்பாடுகளில் சிறந்த நூல்களுக்குப் பரிசு தருகிறது, சொந்தப் பதிப்பும் போட்டியிடலாம். நூல் வெளியிட நிதியுதவித் திட்டமும் அதே துறையில் உண்டு. 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் வாங்கும் ‘விருது’களைத் தவிர்க்கலாம்.

வெளிநாட்டிலிருந்து கேட்கிறார்கள். எப்படி அனுப்புவது?

கனடாவுக்கோ லண்டனுக்கோ ஒரு புத்தகம் அனுப்பும் செலவு புத்தக விலையைத் தாண்டும். அவர்களுக்கு மின்னூலைக் கைகாட்டுங்கள். அச்சுப் பிரதிதான் வேண்டும் என்றால், விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது வாங்கிப் போவார்கள், அல்லது உறவினர் பெட்டியில் போகும். என் புத்தகம் யாழ்ப்பாணத்துக்குப் போனது அப்படித்தான், முறுக்குப் பொட்டலத்தோடு.

இரண்டாம் பதிப்பு எப்போது போடலாம்?

கையில் பத்துப் பிரதி மிச்சம் இருக்கும்போது அச்சகத்துக்குச் சொல்லிவிடுங்கள். அதே கோப்பில் எதுவும் மாறாமல் அடித்தால் அது மறுஅச்சு, உள்ளே திருத்தியிருந்தால்தான் இரண்டாம் பதிப்பு. வாசகர்கள் சொன்ன பிழைகளை முதல் நாளிலிருந்தே ஒரு பிரதியில் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். எனக்கு 43-ம் பக்கத்தில் ‘பாட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான்’ என்று வந்திருந்தது. ‘பாட்டிலை’ என்று இருக்க வேண்டும். மெய்ப்பாளர், நான், சத்தமாகப் படித்த நண்பர் என மூன்று பேருமே அதைத் தாண்டிப் போயிருந்தோம். தபாலாபீஸ் அக்காதான் பார்சலை எடை போட்டுக்கொண்டே சொன்னார்.